நனைந்த காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள்

மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த குடும்பம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் புறப்படுகிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதுமே மழை பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் கோட்டை மான்களைப் பார்த்த மகிழ்ச்சியில் நனைந்துகொண்டு ஓட, அம்மம்மா சீலைத் தலைப்பால் பேரனின் தலையைத் துவட்டுகிறார்: "தலை ஈரம் காயாட்டி தடிமன் பிடிச்சு காய்ச்சல் வந்திடும், ராசா."

அந்தக் கைக்குள் இருக்கும் அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஈர உடையை மாற்றுவதும் நல்லதுதான். ஆனால் காய்ச்சலைத் தருவது தலையில் விழும் மழைநீர் அல்ல, கிருமி. பின்னால் வரும் காய்ச்சலுக்கு "நனைஞ்சது" என்று காரணம் கண்டுபிடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பதுதான் ஆபத்து.

பகலில் கடிக்கும் நுளம்பு

திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மழை விட்டதும் சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி என்று எங்கும் நீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். 2017இல் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் குடாவுக்கு அப்பாலுள்ள கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருவோர் பலர் இரவு வலைக்குள் படுத்தால் போதும் என்று நம்புகிறார்கள். மலேரியாவை நினைத்து வரும் பழக்கம் அது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சான்றளித்துவிட்டது. டெங்கு நுளம்போ பகலில், அதுவும் காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் அதிகம் கடிக்கும். கோயிலுக்குப் போகும் நேரமும் கடற்கரையில் உலாவும் நேரமும் அவைதான். எனவே நுளம்பு விரட்டும் களிம்பைக் காலையிலேயே பூசுங்கள். பிள்ளைகளுக்கு நீளக்கை, நீளக்கால் உடை போடுங்கள்.

வெள்ளத்துக்குள் வெறுங்கால்

தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது நம் வழக்கம். அந்த நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். நடக்காமல் தீராது என்றால் மூடிய காலணியோடு நடந்து, அறைக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

இடி முழங்கும்போது மட்டும் கோயில் அமைந்துள்ள சுவாமி மலை உச்சியில் நிற்க வேண்டாம். வாகனத்துக்குள் இருந்துவிட்டு, பிறகு ஏறலாம்.

ஒதுங்கிய கடையில்

மழைக்கு ஒதுங்கும் இடம் பெரும்பாலும் தேநீர்க் கடைதான். கண்முன்னே தட்டிப் போடும் ரொட்டியும் ஆவி பறக்கும் பிளேன்ரீயும் பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை. ஆறிப்போன கறி, வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட பானம் ஆகியவற்றை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கும் காலம் இது. மானைத் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளை வாயில் வைக்கவும் விடாதீர்கள். வயிற்றோட்டம் தொடங்கினால், பார்மசியில் 'ஜீவனி' உப்புக்கரைசல் பொடி கேட்டு வாங்கி, பொதியில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள்.

ஊர் திரும்பிய பின்

டெங்குக் கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்பட 4 முதல் 10 நாள் ஆகலாம். எலிக்காய்ச்சல் இரண்டு வாரம் கழித்தும் வரும். அதற்குள் குடும்பம் விமானம் ஏறியிருக்கும். பனி கொட்டும் ஊரில், எல்லாருக்கும் சளிக்காய்ச்சல் வரும் தை மாதத்தில், நீங்கள் சொல்லாவிட்டால் அங்குள்ள மருத்துவர் டெங்குவை நினைக்கவே மாட்டார்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், அதுவும் உடல் எடைக்கு உரிய அளவில். வெளிநாட்டு வீடுகளில் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஐபுபுரூஃபனும் அஸ்பிரினும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இளநீர், கஞ்சி என்று நீராகாரம் நிறையக் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தியில் வருவது இரத்தமா பானமா என்று அடையாளம் தெரியாமல் போகும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் "சுகமாயிட்டுது" என்று பெருமூச்சு விடுவோம். டெங்குவில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வேளை அதுதான். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு கடுமையாக வலித்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், முரசில் இரத்தம் கசிந்தாலும், பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலும் ஒரு மணிநேரமும் பொறுக்க வேண்டாம். இலங்கையில் இருந்தால் 1990 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணமில்லாமல் அம்புலன்ஸ் வரும்.

எந்த ஊரில் காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: "இன்ன திகதியில் திருகோணமலையில் இருந்தோம், நுளம்பு கடித்தது, வெள்ளத்தில் நடந்தோம்."