உத்தரவாத அட்டையின் பின்பக்கம்

தட்டச்சு வேலை எடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் நம்மிடையே பலர். கடனுக்கு வாங்கிய கணினி நின்றுவிட்டால் உழைப்பு நிற்கும், தவணை நிற்காது. அப்போது கையில் இருப்பது உத்தரவாத அட்டை மட்டுமே.

அதன் பின்பக்கத்தை வாங்கும்போதே வாசியுங்கள். நம் நாட்டுக் கணினிக் கடைகள் பலவற்றில் ஒரு வருட உத்தரவாதம் என்பது 365 நாளல்ல, 350 நாள். மின்னல், எரிந்த தடம், துரு, உடைவு எதற்கும் பொறுப்பில்லை. ஒட்டுச்சீட்டுக் கிழிந்தாலும் அதே கதைதான். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் வாழும் நமக்கு, "உள்ளே எரிஞ்சிருக்கு" என்ற பதில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. திறந்து பார்த்தவர் அவர்; பார்க்காதவர் நாம். என்ன சொல்லி மறுப்பது?

ஆகவே பெட்டியை ஒப்படைக்கும்போது தொடரிலக்கம், கோளாறு, திகதி மூன்றும் எழுதிய துண்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். "கொழும்புக்கு அனுப்பியிருக்கு, அடுத்த கிழமை வாங்கோ" என்ற வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. வன்தட்டில் உள்ளவற்றை இயலுமானால் முன்கூட்டியே பிரதி எடுத்து வையுங்கள். அழிந்தால் கடை பொறுப்பேற்காது.

திருத்த மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி முறையிட இடம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், தாமதிக்கவும் கூடாது. பற்றுச்சீட்டு, அட்டை, அந்தத் துண்டு ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.