கம்ப்யூட்டரை ஏற்றும் முன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

வீடு மாற்றுவதும் கடை மாற்றுவதும் வியாபாரிகளாகிய நமக்குப் புதிதல்ல. வத்தலை நொறுங்காமல் மூட்டை போடுவோம்; கண்ணாடிச் சாமானை வைக்கோல் வைத்துக் கட்டுவோம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரை ஏற்றும்போது மட்டும் அசட்டையாக இருந்துவிடுகிறோம். நாங்கள் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் குடிமாறினோம். கடைக்கணக்கு முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைச் சாக்கில் சுற்றி, மினி லாரியின் பின்கோடியில் மல்லி மூட்டைகளுக்கு மேல் வைத்தோம். இறக்கிச் சுவிட்சைப் போட்டால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார் பழுது பார்ப்பவர். ஐந்து மாதப் பாக்கிக்கணக்கு அதற்குள் இருந்தது. சுற்றுக் கிராமத்துக் கடைக்காரர்களை நேரில் போய்ப் பார்த்தோம். பெரும்பாலோர் தங்கள் சிட்டையைப் புரட்டி, இருந்ததை இருந்தபடி சொன்னார்கள். அவர்களுடைய நாணயத்தால் பிழைத்தோம். எங்கள் புத்தியால் அல்ல.

நம் நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர், 1955-ல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குக் கப்பலில் வந்தது. சுமார் 10 அடி நீளம், 7 அடி அகலம், 6 அடி உயரம். இன்று ஒரே ஆள் தூக்கிவிடுகிறார். தூக்க எளிதாக இருப்பதால்தான் நமக்கு அலட்சியம் வருகிறது.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. அவற்றைப் படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவே தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இடைவெளி இல்லை. முறையாக அணைத்தால் முனை பத்திரமாக ஒதுங்கும். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் இல்லை, குலுக்கலைத் தாங்கும். ஆனால் தொலைந்தாலோ நனைந்தாலோ அதற்கும் ஆபத்துதான்.

ஆகவே நண்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முதல் வேலை, கணக்கை நகல் எடுப்பது. ஒரு பென் டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து சரிபாருங்கள். அந்த பென் டிரைவ் உங்கள் சட்டைப்பையில் வரட்டும்; லாரியில் வேண்டாம். பாக்கிப் பட்டியலைத் தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

2. முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், பின்புற வயர்களை செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டுங்கள்.

3. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால் பபிள் ஷீட்டில் சுற்றி, பெட்டிக்குள் ஆடாதபடி நாலு பக்கமும் அடையுங்கள். சாக்கு வேண்டாம், வத்தல் தூசியும் மல்லித் தூசியும் உள்ளே போய்விடும்.

4. மானிட்டரை நிறுத்திய வாக்கில் வையுங்கள். திரைமேல் மெல்லிய துணியும் அட்டையும் இருக்கட்டும், எதுவும் அழுத்தக்கூடாது.

5. மை ஊற்றும் பிரிண்டரைச் சாய்க்காதீர்கள். யு.பி.எஸ். உள்ளே கனமான பேட்டரி இருப்பதால் அதற்குத் தனிப் பெட்டி.

6. வண்டியின் பின்கோடியில்தான் தூக்கிப்போடுவது அதிகம். காரின் பின் இருக்கைக்குக் கீழே, அல்லது லாரியில் கேபினை ஒட்டி மெத்தைமேல் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

7. இறக்கியதும் அவசரப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். புது இடத்தில் எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டபிறகே சொருகுங்கள்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் நம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். லாரி குலுங்கியதால் அழிந்தது என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா?

கம்ப்யூட்டர் போனால் ஒரே நாளில் வேறு வாங்கிவிடலாம். கணக்கு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.