சாயம் போகாத துணி: வீட்டிலேயே தோய்ப்பது எப்படி?



தையல் கற்ற நம் குழு உறுப்பினர்கள் பலர் பை, தலையணை உறை, ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு என்று தைத்து வருகிறார்கள். விற்கப் போகும் இடத்தில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "சாயம் போகுமா?" என்பதுதான். சேலையில் சாயம் போனால் அந்தச் சேலை வெளுக்கும், அவ்வளவுதான். ஒட்டுத்துணி விரிப்பு அப்படியில்லை. வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் சிவப்புத் துண்டு இருக்கும். நூறு துண்டில் ஒரே ஒரு துண்டு சாயம் விட்டாலும், முதல் துவைப்பிலேயே மொத்த விரிப்பும் கறையாகிவிடும். பல நாள் கைவேலை வீண். உள்கடன் வாங்கித் துணி எடுத்தவர் தவணையை எதிலிருந்து கட்டுவார்? அதனால்தான் சாயம் ஏன் போகிறது, போகாமல் எப்படித் தோய்ப்பது என்று இங்கே விளக்கமாகச் சொல்கிறோம்.

நம்ம ஊர் நீலம்

சாயத்தொழில் நமக்குப் புதுசு இல்லை. விழுப்புரமும் கடலூரும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம், அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுப்பதில் பேர் பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியில் நீலம் தோய்த்த பருத்தித் துணி, கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1897ல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி ரசாயன நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அவுரிக்கு விலை விழுந்து, சாகுபடி சுருங்கியது. ஆனாலும் அடியோடு அழியவில்லை. திண்டிவனம் பக்கம் அவுரி இலையை ஊறவைத்து நீலக்கட்டி எடுக்கும் வேலை இன்றும் நடக்கிறது. வானூர் பக்கம் ஆரோவில்லில் 1993ல் தொடங்கப்பட்ட 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' என்ற சாயக்கூடம், இயற்கையாக நொதிக்க வைத்து நீலம் தோய்க்கும் முறையால் வெளிநாடு வரை தெரிந்தது. ஆக, மூலப்பொருள் நம் காலடியிலேயே இருக்கிறது.

சாயம் ஏன் போகுது?

பருத்தி நூல் தானாக எந்த நிறத்தையும் கெட்டியாகப் பிடிக்காது. செம்பருத்திப் பூவையோ பீட்ரூட்டையோ கொதிக்கவைத்து வெள்ளைத் துணியை முக்கினால் நிறம் ஏறின மாதிரி இருக்கும். இரண்டு துவைப்பில் போய்விடும். மஞ்சள்பொடி துவைப்பில் கொஞ்சம் நிற்கும், வெயிலில் நிற்காது. விற்கும் பொருளுக்கு இந்த மூன்றும் வேண்டாம். நூலுக்கும் சாயத்துக்கும் நடுவில் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் கடுக்காயும் படிகாரமும். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

நீலம் மட்டும் வேறு ஜாதி. அது தண்ணீரிலேயே கரையாது. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வேலை: கஞ்சி எடுப்பது

கடையில் வாங்கும் கோரா துணியில் கஞ்சி, மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாம் இருக்கும். அதை எடுக்காமல் சாயம் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் வரும். ஒரு கிலோ துணிக்கு 30 கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்பு போட்டு, துணி தாராளமாக முங்கும் அளவு தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் காப்பி நிறத்தில் வரும், பயப்படாதீங்க. பிறகு நன்றாக அலசுங்கள். துணி சுருங்குவதும் இப்போதே சுருங்கிவிடும். அதனால் துண்டு வெட்டுவதை எப்போதும் தோய்த்துக் காயவைத்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிவிட்டுத் தோய்த்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவாகிப் போகும், மூலை சேராது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தை சோடா அரிக்கும். இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கடிக்கும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது.

தண்ணீரையும் கவனியுங்கள். மரக்காணம் பக்கம் உப்புத் தண்ணி, சில ஊரில் போர் தண்ணியில் இரும்பு. இரும்புத் தண்ணியில் மஞ்சள் நிறம் மங்கி, பாசி நிறமாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் ரொம்ப நல்லது.

கடுக்காய், படிகாரம், பிறகு நிறம்

ஒரு கிலோ துணிக்கு 150 கிராம் கடுக்காய்ப் பொடி. தண்ணீரில் கரைத்து, துணியை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் காயப்போடுங்கள். துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். அடுத்து 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, காய்ந்த துணியை அதில் சில மணி நேரம் ஊறவைத்து மறுபடி காயவையுங்கள். சாயத்தில் போடுவதற்கு முன் ஒரு தடவை லேசாக அலசினால் போதும்.

இனி நிறம். செண்டுமல்லி மஞ்சளுக்கு ரொம்ப நல்லது. ஆயுத பூஜை முடிந்து வாடின மாலைகளைக் குப்பையில் போடாமல் காயவைத்து எடுத்து வையுங்கள். கிலோ துணிக்கு அரை கிலோ காய்ந்த பூ. முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாறில் துணியைப் போட்டு மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்கணும். கிளறாமல் விட்டால் மடிப்பெல்லாம் கோடாகத் தெரியும். ஜூஸ் கடையில் வீசும் மாதுளைத் தோலில் கெட்டியான மஞ்சள் வரும், வெங்காயச் சருகில் பொன்னிறம். சிவப்புக்கு மஞ்சிட்டி. அதையும் நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கி, முதல் நாள் ஊறவைக்க வேண்டும். இதைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் சிவப்பு போய் பழுப்பாகிவிடும். சூடு குறைவாகவே இருக்கட்டும். நம் சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாயவேர் என்ற செடியின் வேரைத்தான் பயன்படுத்தினார்கள். அது இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை.

சாம்பல், கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த ஆணியும் கொஞ்சம் வெல்லமும் தண்ணீரில் போட்டு 15 நாள் வைத்தால் இரும்புத் தண்ணி தயார். படிகாரம் போடாத கடுக்காய்த் துணியை வடிகட்டின இரும்புத் தண்ணியில் சில நிமிஷம் முக்கினால் கண்ணெதிரே கறுக்கும். உடனே நன்றாக அலசிவிடணும். இரும்பு அதிகமானால் நூல் நாளடைவில் இற்றுப்போகும். கறுப்புத் துண்டு மட்டும் தனியாகக் கிழிந்த பழைய விரிப்புகள் உண்டு, காரணம் இதுதான்.

நீலப் பானை

நீலம் கரைய வேண்டுமானால் சுண்ணாம்பும், அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க இனிப்பும் வேண்டும். பழைய முறையில் தகரை விதையை வேகவைத்துப் போட்டு, பல நாள் நொதிக்கவிடுவார்கள். வீட்டுக்குச் சுலபம் வாழைப்பழ முறை.

30 கிராம் நீலப்பொடியைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழம் ஒரு கிலோவைத் தோலோடு வேகவைத்து, சாறை மட்டும் வடிகட்டுங்கள். இரண்டையும் சேர்த்து, 60 கிராம் நீர்த்த சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மொத்தம் ஆறு லிட்டர் வரும்படி வெந்நீர் ஊற்றுங்கள். கை பொறுக்காத சூடு இருக்கட்டும், கொதிக்க வேண்டாம். அவ்வப்போது மெதுவாகக் கிளறி மூடிவையுங்கள். சில மணி நேரத்திலோ மறுநாளோ மேலே செம்பு நிற ஏடும் நீல நுரையும் வரும். உள்ளே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். அப்போதுதான் பானை தயார். நீலமாகவே இருந்தால் இன்னும் ஆகவில்லை, துணியைப் போட்டுடாதீங்க. அப்போது போட்டால் நீலம் மேலே ஒட்டி நிற்குமே தவிர உள்ளே ஏறாது.

நனைத்துப் பிழிந்த துணியை அடிவண்டல் கலங்காமல் முக்கி, ஐந்து நிமிஷம் வைத்து, தண்ணீருக்குள்ளேயே பிழிந்து எடுங்கள். பச்சையாக வரும். காற்று பட்டதும் நீலமாக மாறும். அழுத்தமான நீலத்துக்கு ஆறேழு தடவை முக்கிக் காற்றாட விடணும். ஒரே தடவையில் அரை மணி நேரம் வைப்பதை விட இதுதான் கெட்டி. கடைசியில் காயவைத்து, புளித்தண்ணியில் ஒரு தடவை அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைக்கவும். பச்சை நிறம் வேண்டுமானால் முதலில் நீலம், அதன் மேல் கடுக்காய், படிகாரம், செண்டுமல்லி என்ற வரிசையில் போகவும்.

சுண்ணாம்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். ஏற்கெனவே நீர்த்ததை மட்டும் வாங்குங்கள். கையுறை கட்டாயம். குழந்தைகள் கிட்டே வர வேண்டாம்.

பாக்கெட் சாயம் போடுபவர்களுக்கு

எல்லோருக்கும் இயற்கைச் சாயம் ஒத்துவராது. நேரம் அதிகம், நிறமும் குறைவு. ரியாக்டிவ் என்ற வகை, உப்பும் சோடாவும் போட்டுப் பச்சைத் தண்ணியிலேயே ஏறும், பருத்தியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிடிக்காத மிச்சச் சாயம் நூலில் தங்கும். வெந்நீர் சோப்பில் தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசணும். சாயம் போகிறது என்ற புகார் வருவது பெரும்பாலும் இந்த வேலையைச் சுருக்குவதால்தான். பொடி மூச்சில் போனால் இழுப்பு வரலாம், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெயரில்லாத பொட்டலச் சாயம் வேண்டாம். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களை மத்திய அரசு 1997ல் தடை செய்தது.

கழிவுத் தண்ணியை ஏரி, கிணறு, மாட்டுத்தொட்டி பக்கம் ஊற்றாதீங்க. நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். நம் அளவு சின்னதுதான். ஆனால் பத்து வீடு சேர்ந்தால் ஒரு பட்டறை. நீலப் பானையைக் கொட்டவே தேவையில்லை. சூடாக்கி, கொஞ்சம் பழச்சாறும் சுண்ணாம்பும் சேர்த்தால் மறுபடி உயிர் வரும்.

தைப்பதற்கு முன் சோதனை

ஒவ்வொரு தடவை தோய்த்ததிலும் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று எடுத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, சோப்பு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியை விரிப்பில் சேர்க்க வேண்டாம், மறுபடி அலசிப் பாருங்கள். இன்னொரு துண்டைப் பாதி அட்டையால் மூடி, பத்து நாள் வெயிலில் வையுங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த நிறம் வெயிலுக்கு ஆகாது. நீலம் மட்டும் நன்றாகத் தோய்த்தாலும் முதலில் கொஞ்சம் கையில் உரசும். அதை வாங்குபவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். "முதல் இரண்டு தடவை தனியாகத் துவைக்கவும்" என்று ஒரு சீட்டு எழுதித் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. தேதி, துணி எடை, என்ன எவ்வளவு போட்டது என்பதை நோட்டில் எழுதி, சோதனைத் துண்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அதே நிறத்தில் இன்னும் பத்து விரிப்பு வேண்டும் என்று ஆர்டர் வரும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.