மாட்டின் வயிற்றில் விளையும் ஜீவசத்து

பாடி என்னும் சொல்லுக்கு ஆயர் குடியிருப்பு என்ற பொருளும் உண்டு. சென்னைக்கு மேற்கே அப்பெயர் கொண்ட ஊர் 2011 முதல் மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் அடங்கியுள்ளது. மேய்ச்சல் நிலம் அருகிய இத்தகைய இடங்களில் மாடு வைத்திருப்போருக்குப் புல்லைக் காட்டிலும் மீந்த சோறும் கஞ்சியும் எளிதில் கிடைக்கின்றன. இவற்றை அளவின்றிக் கொடுப்பதால் நேரும் கெடுதியை உணர, மாட்டின் வயிற்றினுள் நடைபெறும் வேலையை அறிதல் அவசியம்.

கிருமிகளின் தொழில்

அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை வைக்கோலின் நாரைச் சிதைப்பதோடு, பி வகை ஜீவசத்துக்களையும் உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்று பயோடின். 1936இல் கோகல், டோனிஸ் என்னும் அறிஞர்கள் முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர்.

கிருமிகள் நாரைப் புளிக்கச் செய்வதால் உண்டாகும் அமிலங்களுள் ஒன்றைப் பசுவின் ஈரல் சர்க்கரையாக மாற்றுகிறது; அச்சர்க்கரையிலிருந்தே பாலின் இனிப்பு அமைகிறது. அம்மாற்றத்திற்குப் பயோடின் இன்றியமையாதது. குளம்பின் உறுதிக்கும் இது வேண்டும். குளம்பு மாதத்திற்குச் சுமார் 5 மில்லிமீட்டரே வளர்வதால், நொய்ந்த குளம்பு தேறப் பல மாதங்கள் செல்லும்.

கோழியும் மனிதரும்

கோழிக்கு இவ்வசதி இல்லை. அதன் கிருமிகள் பெரும்பாலும் குடலின் கடைப்பகுதியில் வாழ்வதால், அவை ஆக்கும் சத்து உடலில் சேர்வது சொற்பம். ஆகவே தீவனத்திலேயே பயோடின் இருத்தல் வேண்டும். மக்காச்சோளத்திலுள்ள பயோடின் கோழிக்கு நன்கு பயன்படும். கோதுமையிலுள்ளது மிகக் குறைவாகவே பயன்படும். பச்சை முட்டையின் வெண்கரு பயோடினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வேகவைத்தால் அக்குணம் நீங்கும்.

மனிதரின் பெருங்குடற் கிருமிகளும் பயோடினை ஆக்குகின்றன. குடற்சுவர் அதில் ஒரு பகுதியை ஏற்கிறது. சிறுகுடற் கிருமிகள் சில பி12 என்னும் ஜீவசத்தை ஆக்க வல்லவை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1980இல் வெளியிட்டனர்.

சோற்றினால் வரும் கேடு

சோறு, பொங்கல், அரிசி மாவு முதலியவை மிகுந்தால் இரைப்பையில் விரைவாகப் புளித்து அமிலம் பெருகும். நாரைச் சிதைக்கும் கிருமிகள் மடியும். பயோடின் உற்பத்தியும் குறையும். மாடு தீனி மறுக்கும், அசைபோடாது, கழியும். முற்றினால் படுத்து எழாமல் இறக்கவும் கூடும். பிழைத்த மாட்டிற்கும் குளம்பு நோய் தொடரலாம். மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் வயிறு நிறையப் பொங்கல் ஊட்டுவது இவ்வாறே தீங்காக முடிகிறது.

கவனிக்க வேண்டியவை

1. வைக்கோல் அல்லது புல்லை முதலில் கொடுத்து, அடர்தீவனத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கவும். அசைபோடுகையில் ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும்.

2. தீவனத்தைத் திடீரென மாற்றாமல் இரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்றவும்.

3. பொங்கலைப் பிடியளவோடு நிறுத்தவும்.

4. மாடு அளவுமீறித் தின்றுவிட்டால், குறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும்.

பண்டிகைக்கு முன்னரே கிராம அதிகாரிகள் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், பல மாடுகள் பிழைக்கும். மாட்டிற்கு இடும் தீனி அதன் வயிற்றிலுள்ள கிருமிகளுக்கே முதலில் சேர்கிறது என்பதை மாடு வளர்ப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.