நியம அதிர்வெண் பகிர்மானம்

நியம அதிர்வெண் பகிர்மானம் என்பது, துல்லியமான ஓர் அலைவியற்றி தரும் குறிகையை ஆய்வகத்தில் உள்ள பல அளவீட்டுக் கருவிகளுக்குப் பிரித்து வழங்கும் முறை ஆகும். இதற்குப் பெரும்பாலும் 10 மெகா ஏர்ட்சு அதிர்வெண் பயன்படுகின்றது. பிரிக்கும்போது குறிகையின் வீச்சு குறையுமேயன்றி, அதன் அதிர்வெண் மாறுவதில்லை. ஆகவே நல்ல அலைவியற்றி ஒன்றே கருவிகள் அனைத்துக்கும் போதுமானது.

தேவை

அதிர்வெண் எண்ணி, குறிகை இயற்றி, அலைமாலைப் பகுப்பாய்வி போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குவார்ட்சுப் படிக அலைவியற்றியைக் கொண்டிருக்கும். வெப்பநிலை மாற்றத்தாலும் காலப்போக்கிலும் இவற்றின் அதிர்வெண் சற்று விலகும். இவ்விலகல் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எனில், 1 கிகா ஏர்ட்சு அளவீட்டில் 1,000 ஏர்ட்சு பிழை உண்டாகும். இரு கருவிகள் வெவ்வேறு விடை தந்தால், பிழை எதனுடையது எனக் கூற இயலாது. எனவே ருபீடிய அலைவியற்றியோ, ஜிபிஎஸ் செய்மதிகளின் நேரக் குறிகையால் நெறிப்படுத்தப்படும் படிக அலைவியற்றியோ பொது மூலமாகக் கொள்ளப்படுகின்றது.

மலிவான முறைகள்

தொடர் இணைப்பு: ஓர் ஓரச்சு வடம், 'டி' வடிவ இணைப்பிகள் வழியாகக் கருவிக்குக் கருவி செல்லும். வடத்தின் இறுதியில் மட்டும் 50 ஓம் மின்தடை பொருத்தப்படும். இடையிலுள்ள கருவிகளின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகுதியாக இருந்தால் மட்டுமே இது சரியாக இயங்கும்.

மின்தடைப் பிரிப்பி: ஐந்து 30 ஓம் மின்தடைகளை விண்மீன் வடிவில் இணைத்தால், 50 ஓம் அமைப்புக்கான நான்கு வழிப் பிரிப்பி கிடைக்கும். ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ளீட்டு மின்னழுத்தத்தின் நான்கில் ஒரு பங்கே (12 டெசிபெல் இழப்பு) இருக்கும். ஒரு கருவியைக் கழற்றினால் மற்றவற்றின் குறிகையும் மாறும்.

நிகழ்படப் பகிர்மானப் பெருக்கி: தொலைக்காட்சி நிலையங்கள் எண்முறைக்கு மாறியதால் பயனற்றுப்போன ஒப்புமைப் பெருக்கிகள் பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வெளியீடுகள் தனித்தனியே இயக்கப்படுவதால் ஒன்றின் பழுது பிறவற்றைப் பெரிதும் தாக்காது. இவை 75 ஓம் மின்மறுப்பு உடையவை. 50 ஓம் கருவியுடன் இணைக்கும்போது 4 விழுக்காடு ஆற்றலே திரும்பி வரும் என்பதால், இப்பயன்பாட்டில் அது பொதுவாகத் தடையாவதில்லை. ஆயினும் பெருக்கி 10 மெகா ஏர்ட்சைக் கடத்துகின்றதா என முதலில் சோதித்தல் வேண்டும். இது ஏறத்தாழ 1 வோல்ட்டு வீச்சுக்கு வடிவமைக்கப்பட்டது. அதனினும் வலிய குறிகையை மெலிவித்தே செலுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வடங்களின் உறைகள் வழியே கருவிகளின் புவித்தொடுப்புகள் ஒன்றிணைவதால், மின்வழங்கலின் இரைச்சல் குறிகையில் கலக்கக்கூடும். ஒவ்வொரு வெளியீட்டிலும் சிறு மின்மாற்றி ஒன்றை இடுவதால் இதனைக் குறைக்கலாம். வழக்கமான வடத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ செக்கன் தாமதம் ஏற்படும். இது அதிர்வெண்ணை மாற்றாது, கட்டத்தை மட்டுமே மாற்றும்.

பொது மூலத்துடன் இணைந்த கருவிகள் ஒரே விடையைத் தருவது அவ்விடை சரியானது என்பதற்குச் சான்றன்று. மூலம் விலகினால் அனைத்தும் ஒருங்கே விலகும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இல்லாததால் அப்பிழை வெளிப்படாது. ஆகவே மூலத்தைச் சார்பற்ற வேறொரு மூலத்துடன் அவ்வப்போது ஒப்பிடுதல் இன்றியமையாதது.