கூட்டரசு நிறுவன மானியத்துக்கான கல்லூரித் தகுதி

கூட்டரசு நிறுவன மானியத்துக்கான கல்லூரித் தகுதி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கல்லூரி தன் கற்பித்தல், நிருவாகம், நிதிநிலை ஆகியவற்றை வலுப்படுத்த வழங்கப்படும் கூட்டரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்பதை முடிவு செய்யும் சட்டநிலை ஆகும். மாணவருக்குத் தனித்தனியே வழங்கப்படும் பெல் உதவித்தொகை முதலியவற்றிலிருந்து இது வேறுபட்டது. இம்மானியம் கல்லூரிக்கே வழங்கப்படுகிறது. கல்லூரியின் புகழோ தேர்ச்சி விகிதமோ இத்தகுதியைத் தீர்மானிப்பதில்லை. அங்கு பயில்வோர் யார், ஒவ்வொருவருக்கும் கல்லூரி எவ்வளவு செலவிடுகிறது என்னும் இரு கேள்விகளே இதன் அடிப்படை. இதனால் மாணவரை எண்ணும் முறையே பல வேளைகளில் முடிவை மாற்றிவிடுகிறது.

வரலாறு

இம்மானியங்களின் தோற்றுவாய் 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் ஆகும். குடியரசுத் தலைவர் லின்டன் ஜான்சன் 1965 நவம்பர் 8 அன்று, டெக்சாசு மாநிலத்தின் சான் மார்க்கோசு நகரில், தாம் பயின்ற கல்லூரியிலேயே இச்சட்டத்தில் கையொப்பமிட்டார். இதன் மூன்றாம் தலைப்பு, போதிய நிதியின்றி இயங்கிய வளரும் கல்லூரிகளுக்கு உதவும் நோக்குடையது. தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகள் அவற்றுள் முதன்மையானவை.

1986 ஆம் ஆண்டுத் திருத்தம், வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்கெனத் தனிப் பகுதியை உருவாக்கியது. 1992 இல் ஹிஸ்பானிக் மாணவர் மிகுந்த கல்லூரிகளுக்கான திட்டம் சேர்க்கப்பட்டது. 1998 இல் அது சட்டத்தின் ஐந்தாம் தலைப்புக்கு மாற்றப்பட்டது. 2007, 2008 ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆசிய அமெரிக்கர், பசிபிக் தீவினர், அமெரிக்க முதற்குடியினர் ஆகியோர் பயிலும் கல்லூரிகளுக்கும் புதிய திட்டங்களை ஏற்படுத்தின.

அடிப்படைத் தகுதிகள்

மூன்றாம் தலைப்பின் முதற் பகுதிக்கும் ஐந்தாம் தலைப்புக்கும் பொதுவான நிபந்தனைகள் பின்வருமாறு:

1. கல்லூரி அரசுக் கல்லூரியாகவோ இலாப நோக்கற்ற தனியார் கல்லூரியாகவோ இருத்தல் வேண்டும்.
2. இளநிலைப் பட்டம் வழங்க மாநில அனுமதி பெற்றதாகவோ, ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியாகவோ இருத்தல் வேண்டும்.
3. ஏற்கப்பட்ட தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அதை நோக்கிப் போதிய முன்னேற்றம் கண்டிருக்க வேண்டும்.
4. பொருளுதவி தேவைப்படும் மாணவர் போதிய அளவில் பயில வேண்டும்.
5. மாணவர் ஒருவருக்கான சராசரிக் கல்விச் செலவு, ஒத்த கல்லூரிகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

நான்காம் நிபந்தனையை இரு வழிகளில் நிறைவு செய்யலாம். பட்டப் படிப்பு மாணவருள் குறைந்தது 50 விழுக்காட்டினர் தேவை அடிப்படையிலான கூட்டரசு உதவி பெற்றிருப்பது முதல் வழி. வட்டிச் சலுகைக் கடன் இக்கணக்கில் சேராது. பெல் உதவித்தொகை பெறுவோரின் விழுக்காடு, ஒத்த கல்லூரிகளோடு ஒப்பிடுகையில் உயர்ந்திருப்பது இரண்டாவது வழி. அரசுக் கல்லூரி அரசுக் கல்லூரிகளோடும், ஈராண்டுக் கல்லூரி ஈராண்டுக் கல்லூரிகளோடும் ஒப்பிடப்படுகின்றன.

மாணவர் விகித நிபந்தனைகள்

மூன்றாம் தலைப்பின் பொதுத் திட்டத்துக்கு மேற்கண்டவையே போதும். சிறப்புத் திட்டங்கள், இளநிலை மாணவரில் குறிப்பிட்ட பிரிவினரின் குறைந்த அளவு விகிதத்தையும் கோருகின்றன:

* ஹிஸ்பானிக் மாணவர்: 25 விழுக்காடு
* அலாசுக்கா முதற்குடியினர்: 20 விழுக்காடு
* அவாய் முதற்குடியினர்: 10 விழுக்காடு
* ஆசிய அமெரிக்கர் அல்லது பசிபிக் தீவினர்: 10 விழுக்காடு
* அமெரிக்க முதற்குடியினர் (பழங்குடிக் கல்லூரிகள் தவிர்ந்தவை): 10 விழுக்காடு
* கறுப்பின அமெரிக்கர் (வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் தவிர்ந்தவை): 40 விழுக்காடு

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் வழிவந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வாழுரிமை பெற்றோரும் கூட்டரசுப் புள்ளிவிவரங்களில் ஆசியர் பிரிவில் அடங்குவர். மாணவர் நுழைவிசைவில் வந்து பயில்வோர் வெளிநாட்டவர் என்னும் தனிப் பிரிவில் எண்ணப்படுகின்றனர். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து பட்டப் படிப்புக்குச் செல்லும் மாணவரால் இவ்விகிதம் உயர்வதில்லை.

வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரி என்னும் நிலை விகிதத்தைப் பொறுத்ததன்று. 1964 க்கு முன் நிறுவப்பட்டு, கறுப்பின அமெரிக்கரின் கல்வியை முதன்மை நோக்காகக் கொண்டிருந்த கல்லூரிகளுக்கே அது உரியது. புதிதாகத் தொடங்கப்படும் கல்லூரி எதுவும் இப்பட்டியலில் சேர இயலாது.

முழுநேர ஈடு கணக்கீடு

மேற்கண்ட கணக்குகள் பலவற்றில் மாணவர் தலைகள் எண்ணப்படுவதில்லை. முழுநேர ஈடு எண்ணிக்கை பயன்படுகிறது. பகுதிநேர மாணவர் அனைவரும் பதிவு செய்த கிரெடிட்டுகளின் (பாட அலகுகளின்) கூட்டுத்தொகையை 12 ஆல் வகுத்து, வரும் ஈவை முழுநேர மாணவர் எண்ணிக்கையுடன் கூட்டினால் இது கிடைக்கும்.

கற்பனையான ஓர் ஈராண்டு அரசுக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கு முழுநேர மாணவர் 1,800 பேர். பகுதிநேர மாணவர் 2,400 பேர். பகுதிநேரத்தார் எடுத்த கிரெடிட்டுகள் 14,400. எனவே முழுநேர ஈடு 1,800 + (14,400 ÷ 12) = 3,000. கல்லூரியின் கல்விச் செலவு 3.6 கோடி டாலர் எனில், மாணவருக்கான செலவு 12,000 டாலர். ஒத்த கல்லூரிகளின் சராசரி 14,000 டாலராக இருந்தால், செலவு நிபந்தனை நிறைவேறுகிறது.

இக்கல்லூரியில் ஹிஸ்பானிக் மாணவர் முழுநேரமாக 420 பேரும் பகுதிநேரமாக 700 பேரும் பயில்வதாகக் கொள்வோம். தலைக்கணக்கில் 4,200 பேருள் 1,120 பேர், அதாவது 26.7 விழுக்காட்டினர். ஆனால் அந்த 700 பேர் எடுத்தவை 3,600 கிரெடிட்டுகளே எனில், அவர்களுடைய ஈடு 300 மட்டும். மொத்தம் 720, 3,000 இல் அது 24 விழுக்காடு. கல்லூரி ஐந்தாம் தலைப்புக்குத் தகுதி இழக்கிறது.

வேலை பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு பாடங்கள் மட்டும் படிக்கும் மாணவர் இக்கணக்கில் குறைந்த எடையே பெறுகின்றனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அவர்கள் கூடுதலாக 480 கிரெடிட்டுகள் எடுத்திருந்தால், அதாவது மூன்று கிரெடிட் பாடங்களில் 160 பதிவுகள் கூடியிருந்தால், 3,040 இல் 760 என விகிதம் சரியாக 25 விழுக்காட்டை எட்டியிருக்கும்.

தீர்மானிக்கும் முறை

கல்லூரிகள் கூட்டரசுக்கு ஆண்டுதோறும் அளிக்கும் சேர்க்கை, செலவு விவரங்களையும் பெல் உதவித்தொகைப் பதிவுகளையும் கொண்டு, கல்வித் துறை தகுதிப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கணித்து வெளியிட்டு வந்துள்ளது. நிபந்தனைகளை நிறைவு செய்த கல்லூரி தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தவறிய கல்லூரி, குறித்த நாளுக்குள் விலக்கு கோரி விண்ணப்பிக்கலாம். மிகக் குறைந்த மாணவர் எண்ணிக்கை, வாழ்க்கைச் செலவு மிகுந்த இடம், மருத்துவம் போன்ற செலவு மிகுந்த படிப்புகள் ஆகியவற்றால் சராசரிச் செலவு உயர்ந்து தோன்றுவது விலக்குக்கு ஏற்ற காரணமாகும்.

தகுதி பெறுவதும் மானியம் பெறுவதும் ஒன்றல்ல. பொதுத் திட்டம், ஹிஸ்பானிக் திட்டம் முதலியவற்றில் தகுதியுள்ள கல்லூரிகள் திட்ட வரைவுகளுடன் போட்டியிட வேண்டும். வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்கோ ஒரு வாய்பாட்டின்படி நிதி பகிர்ந்தளிக்கப்படுகிறது. போட்டியில் வெல்லாத கல்லூரிக்கும் தகுதியால் ஒரு பயன் உண்டு: கூட்டரசின் வேலையுடன் கல்வித் திட்டம், துணை உதவித்தொகை ஆகியவற்றில் கல்லூரி வழக்கமாகச் செலுத்த வேண்டிய 25 விழுக்காட்டுப் பங்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

குறைபாடுகளும் வழக்கும்

இம்முறை வறுமையை நேரடியாக அளப்பதில்லை. உதவி பெற்றோரையே எண்ணுகிறது. படிவம் நிரப்பாத ஏழை மாணவரும், குடிநிலை காரணமாக உதவிக்கு உரிமையற்றோரும் கணக்கில் வருவதில்லை. கணிப்புக்கு முந்தைய ஆண்டுகளின் தரவே பயன்படுவதால், திடீரென நலிந்த கல்லூரியின் நிலை உடனே வெளிப்படுவதுமில்லை.

இன விகித நிபந்தனைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்னும் வாதமும் எழுந்துள்ளது. 2025 சூனில் டென்னசி மாநிலமும் ஓர் அமைப்பும் ஹிஸ்பானிக் திட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. அத்திட்டத்தை நீதிமன்றத்தில் ஆதரித்து வாதிடப் போவதில்லை என நீதித் துறை அடுத்த மாதம் அறிவித்தது. 2025 செப்டம்பரில் கல்வித் துறை, இன விகிதத்தை நிபந்தனையாகக் கொண்ட பல திட்டங்களுக்கான ஏறத்தாழ 35 கோடி டாலர் விருப்புரிமை நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. இத்திட்டங்களை எதிர்ப்போர், விகிதத்தை எட்டாத கல்லூரியிலுள்ள ஏழை மாணவருக்கு உதவி மறுக்கப்படுவதைச் சுட்டுகின்றனர். நிதி எந்த இனத்தாருக்கும் தனியே வழங்கப்படுவதில்லை, அந்தந்தக் கல்லூரியின் எல்லா மாணவருக்கும் பயன்படுகிறது என்பது ஆதரிப்போரின் மறுமொழியாகும்.