சாலையில் குதிரையும் மோட்டாரும்

சாலை விதி என்று சொன்னவுடன் உங்கள் நினைவுக்கு வருவன எவை? சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, வெள்ளைக் கோடு, வேக வரம்பைக் காட்டும் பலகை ஆகியவை. இவையாவும் படிக்கத் தெரிந்தவர்களுக்காக ஏற்பட்டவை. இவற்றுள் ஒன்றையேனும் படிக்க இயலாத வழிப்போக்கர் ஒருவரும் நம் சாலைகளில் இருக்கின்றார். மோட்டார் வண்டி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவர் சாலைக்கு வந்துவிட்டார். அவர்தாம் குதிரையார். அவரும் மோட்டாரும் ஒரே சாலையில் ஒருவருக்கொருவர் தீங்கின்றிச் செல்வது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

‘இந்தக் காலத்தில் குதிரை ஏது?’ என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் பள்ளி மாணவனாக இருந்த 1970களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ரயிலடி வாயிலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ ரிக்ஷா வந்தது, ஜட்கா மறைந்தது. ஆனால் குதிரை அடியோடு மறைந்துவிடவில்லை. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருவது நெடுநாள் வழக்கம். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை நாடறிந்தது. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய சாலையில் சுற்றுலாப் பயணிகள் குதிரை சவாரி செய்கின்றனர். சென்னைக் காவல் துறையில் குதிரைப் படைப் பிரிவு இருக்கிறது. திருமண ஊர்வலத்தில் மணமகன் குதிரையேறி வருவதும் இப்பொழுது பெருகி வருகிறது.

குதிரை குறைந்துவிட்டது என்பதனாலேயே ஆபத்தும் குறைந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. உண்மை இதற்கு மாறானது. சாலையெங்கும் குதிரைகள் நடமாடிய காலத்தில் மோட்டார் ஓட்டிகளுக்குக் குதிரையின் இயல்பு தெரிந்திருந்தது. குதிரைகளுக்கும் மோட்டாரின் ஓசை பழகியிருந்தது. இன்றோ, இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். அந்நியர் இருவர் குறுகிய பாதையில் சந்திக்கும்பொழுதுதான் விபரீதம் விளைகிறது.

அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே, வருண லிங்கத்தைக் கடந்ததும் வருவது இவ்வூர். பாதையின் தொடக்கப் பகுதி செங்கம் சாலையாகவும் இருக்கிறது. அங்கே பேருந்தும் லாரியும் விரைகின்றன. அதை விட்டுப் பிரிந்து ஊருக்குள் வந்தால், அதே பாதையில் வலம் வரும் அடியார்கள், உழவு மாடுகள், பள்ளிப் பிள்ளைகள், ஆட்டோக்கள், வெளியூர்க் கார்கள் ஆகிய அனைத்தும் கலந்து செல்கின்றன. இத்தகைய பாதையில் சந்தைக் குதிரையொன்று வந்தால் என்ன நேரும் என்பதை அறிய வேண்டுமானால், முதலில் குதிரையின் இயல்பை அறிய வேண்டும்.

குதிரை புல்வெளியில் வாழ்ந்த பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகாமல் தப்பி வாழ்ந்த இனம் அது. அதற்குக் கொம்பும் இல்லை. கூரிய நகமும் இல்லை. முதலில் ஓடு, பிறகு யோசி என்பதே அதன் உடம்பில் ஊறிய பாடம். ஆகவே, திடீரெனத் தோன்றும் எதையும் அது பகையென்றே முதலில் கொள்ளும். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டு மிரளும் குதிரையைக் கோழையென்றும் முரடென்றும் சொல்வது அறியாமை. அது கீழ்ப்படியாமை அன்று, அச்சம்.

அதன் கண்கள் நம் கண்களைப்போல் முகத்தின் முன்புறத்தில் இல்லை; இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. அதனால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண அதனால் இயலும். காண இயலாத இடங்கள் இரண்டே. ஒன்று, வாலுக்கு நேர் பின்னே. மற்றொன்று, நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில். பின்னாலிருந்து விரைந்து வரும் மோட்டார் அந்தக் காணாத இடத்திலிருந்து சட்டென்று பக்கத்தில் முளைத்தால், குதிரைக்கு அது புதரிலிருந்து பாயும் புலியேயாகும். குதிரையின் செவிகளோ தனித்தனியே எத்திசையும் திரும்ப வல்லவை. மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளும் அதற்குக் கேட்கும். நமக்கே எரிச்சலூட்டும் ஹாரன் ஒலி அதற்கு எப்படியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு சொற்பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரே நோக்குடையவரைக் ‘கடிவாளம் கட்டிய குதிரைபோல’ என்று பலரும் கூறுகின்றனர். கடிவாளம் வாயில் பூட்டுவது. குதிரையைத் திருப்பவும் நிறுத்தவும் உதவுவது. பக்கப் பார்வையைத் தடுப்பது கண்ணோரத்தில் கட்டும் மறைப்புப் பட்டையே. வண்டிக் குதிரைக்கு அதைக் கட்டுவது, பக்கத்திலும் பின்னாலும் வருவனவற்றைக் கண்டு மிரளாதிருக்கவே. கண்ணை மறைக்கலாம், செவியை மறைக்க இயலாதே!

இனி, கணக்குக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு நொடி கழிந்துவிடும். அழுத்திய பிறகு, உலர்ந்த நல்ல சாலையிலும் வண்டி மேலும் 20 மீட்டருக்குக் குறையாமல் ஓடித்தான் நிற்கும். ஆக, 37 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமானால், இவ்விரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 8 மீட்டர்தான். குதிரையோ கண்ணிமைக்கும் நேரத்தில் சாலையின் நடுவே துள்ளிவிடும். 37 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் இடையே உள்ள தூரந்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம்.

அந்தச் சாவு யாருடையது? குதிரையுடையது மட்டும் என்று எண்ணாதீர்கள். குதிரையின் எடை ஏறக்குறைய 400 கிலோ. கால்கள் நீளமானவை, உடலின் பாரம் முழுவதும் மேலே இருக்கிறது. கார் வந்து காலில் மோதினால், அந்தப் பாரம் முன்கண்ணாடியின்மீதே வந்து விழும். குதிரைமேல் இருப்பவர், காருக்குள் இருப்பவர், குதிரை ஆகிய மூவர் உயிரும் ஒரே கணத்தில் ஊசலாடும்.

இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். பிரிட்டனில் 1865ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். சாலையில் ஓடும் இயந்திர வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் செல்லலாகாது. அதற்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்று அது விதித்தது. குதிரையோடு வருபவர் கையை உயர்த்தினால், இயந்திர வண்டி உடனே நிற்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. சிவப்புக் கொடியைக் கண்டு பிற்காலத்தவர் சிரித்தனர். 1896இல் இலகுவான மோட்டார்களுக்கு இக்கட்டுப்பாடுகள் நீங்கின. கொடி போயிற்று. ஆனால் உயர்த்திய கைக்கு இருந்த மதிப்பு போகவில்லை.

நம் நாட்டிலேயே அதைக் காணலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, ஓட்டுநர் வண்டியை நிறுத்தியே தீர வேண்டிய சமயங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று இது: பிராணியொன்றை நடத்திச் செல்பவர், அது மிரண்டு தம் கைக்கு அடங்காமற்போகும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, வேண்டிய நேரம்வரை அசையாமல் நிற்க வேண்டும். பணக்காரருடைய பெரிய காராயினும், ஏழைக் குதிரைக்காரரின் உயர்த்திய கைக்கு அது கட்டுப்பட்டதே. வாகனம் ஓட்டுவோருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

சட்டம் ஒருபக்கமாகவும் பேசவில்லை. பொதுச் சாலையில் வண்டி ஓட்டுபவர் மட்டுமன்றி, சவாரி செய்பவரும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கண்மூடித்தனமாக நடந்தால் அது குற்றமே. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு கூறிய அதனையே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு கூறுகிறது. குதிரையேற ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை; ஆனால் பொறுப்பு உண்டு.

அப்படியானால் மோட்டார் ஓட்டுபவர் செய்ய வேண்டியது என்ன? குதிரையைத் தொலைவில் கண்டவுடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். அருகில் சென்றபின் பிரேக்கைக் கிறீச்சிடச் செய்வதால் பயனில்லை. ஹாரன் அடிக்கலாகாது. ‘ஒலி எழுப்புக’ என்று லாரியின் முதுகில் எழுதியிருப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். முந்துமுன் ஒலியெழுப்புவது நமக்கு மரியாதையாகவே தோன்றுகிறது. மனிதருக்கு மரியாதையாக இருப்பது குதிரைக்குப் பேரிடியாக இருக்கிறது. இன்ஜினை உறுமவிடுவதும், விளக்கை அடித்து அடித்து அணைப்பதும் அத்தகையனவே. சைலன்சரைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முந்துவதாயின் நன்றாக விலகி, மெல்ல முந்த வேண்டும். பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பெற்ற சாலை விதி நூல், குதிரையைக் கடக்கும்பொழுது மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்றும், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. நமக்கும் அது நல்ல அளவே. இரண்டு மீட்டர் விட இடமில்லாத குறுகிய பாதையாயின், பின்னாலேயே பொறுத்துச் செல்வதுதான் வழி. கடந்தவுடன் சீறிப் பாய்வதும் கூடாது. குதிரையின் செவி இன்னும் நம்மையே நோக்கியிருக்கிறது.

குதிரையேறுபவருக்கும் கடமைகள் உண்டு. பழகாத குதிரையைப் போக்குவரத்து மிகுந்த சாலைக்குக் கொண்டுவருதல் கூடாது. விலை பேசுமுன் குதிரையை ஓட்டிப் பார்ப்பது வாங்குவோர் வழக்கம். அதைத் திடலில் செய்ய வேண்டுமேயன்றிச் செங்கம் சாலையில் செய்யலாகாது. பழக்குவதும் படிப்படியாகவே நடைபெற வேண்டும். முதலில் நின்றிருக்கும் வண்டியைக் காட்டி, பிறகு ஓசையிடும் வண்டியைக் காட்டி, அதன் பின்னரே ஓடும் வண்டிக்கு அருகில் நடத்த வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுப்போமா?

சாலையில் இடப்புறமாகவே செல்ல வேண்டும். குதிரையைக் கையிற் பிடித்து நடத்துபவர், குதிரைக்கும் வண்டிகளுக்கும் இடையே தாம் இருக்கும்படி, அதன் வலப்புறத்தில் நடக்க வேண்டும். திரும்புமுன் கைகாட்ட வேண்டும். தலைக்கவசம் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. இருட்டியபின் சாலைக்கு வராதிருத்தலே நன்று. வந்தே தீர வேண்டுமாயின், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகள் குதிரைமீதும் ஆள்மீதும் இருக்க வேண்டும். மழை நனைத்த தார்ச் சாலையில் இரும்பு லாடம் வழுக்கும் என்பதை மறக்கலாகாது. களைத்த குதிரையும் ஆபத்தானதே. பாரமிழுக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கலாகாது என்றும் கூறுகின்றன. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

குதிரை மிரண்டுவிட்டால், ஏறியிருப்பவர் கடிவாளத்தை வெறியோடு இழுப்பதும் சாட்டையால் அடிப்பதும் தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும். அஞ்சிய பொருளை அது பார்க்கும்படி முகத்தைத் திருப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசி, நிற்க விட வேண்டும். தேவையானால், நான் முன்னே சொன்னபடி, கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தலாம்.

வண்டியும் குதிரையும் இல்லாத நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. குதிரையின் பின்புறமாக ஓடிச் சென்று தொடாதீர்கள். படம் எடுப்பதற்காக அதன் முகத்தெதிரே கைப்பேசி வெளிச்சத்தைப் பாய்ச்சாதீர்கள். ஊர்வலக் குதிரையின் அருகில் வெடி கொளுத்துவதைக் கண்டால், தடுத்துச் சொல்லுங்கள். அறுத்துக்கொண்டு ஓடும் குதிரையைக் கூச்சலிட்டுத் துரத்தாதீர்கள். எதிரே வரும் வண்டிகளை எச்சரித்து நிறுத்துங்கள். விபத்து நேர்ந்துவிட்டால் மனிதருக்கு 108ஐயும், பிராணிக்குக் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962ஐயும் அழையுங்கள்.

மாணவ மாணவியரே, சாலை வேகமாகச் செல்பவருக்கு மட்டும் சொந்தமானதன்று. அஞ்சுபவரைக் கண்டு அஞ்சாதவர் நிற்பதே சாலை ஒழுக்கத்தின் அடிப்படை. குதிரைக்கு நின்று பழகிய ஓட்டுநர், தடியூன்றிச் சாலையைக் கடக்கும் மூதாட்டிக்கும், பந்தின் பின்னே ஓடிவரும் குழந்தைக்கும் நிற்பார். நாளை உங்களுள் பலர் உரிமம் பெற்று வண்டி ஓட்டுவீர்கள். அன்று சாலையோரத்தில் ஒரு கை உயர்ந்தால், அது யாருடைய கை என்று பார்க்க வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள்.